சோபிரோனியாவின் தோடு
1816ஆம் வருடத்து அகதிகள் பற்றிச் சில குறிப்புகள்

1

எமது விவாதங்களில் ஒரு சொற்சோடி திரும்பத் திரும்ப வருகிறது: 'அரசியல் அகதி', 'பொருளாதார அகதி'. முதலாவது மரியாதைக்குரியதாகவும் இரண்டாவது ஏச்சாகவும் பயன்படுகிறது. இச்சோடியை உருவாக்கியவை ஐரோப்பிய அரசுகளின் குடிவரவு அலுவலகங்கள். ஆனால் இன்று அதை எம்மவரும் தயக்கமின்றிக் கையாளுகின்றனர். 1980களில் வந்தவர்கள் 1990களில் வந்தவர்களைப் பார்த்து இதைச் சொன்னார்கள். 1990களில் வந்தவர்கள் 2009க்குப் பின் வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்கள். இப்போது சிரியாவிலிருந்தும் எரித்திரியாவிலிருந்தும் வருபவர்களைப் பார்த்து எமது கடைகளிலும் கோவில் வாசல்களிலும், "இவங்கள் சும்மா காசுக்கு வாறவங்கள்" என்ற பேச்சைக் கேட்க முடிகிறது.

அண்மைக்காலத்தில் இச்சோடியுடன் மூன்றாவது சொல்லொன்றும் சேர்ந்துள்ளது: 'காலநிலை அகதி'. 1951ஆம் வருடத்து ஜெனீவா உடன்படிக்கையில் இவருக்கு இடமில்லை. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவொன்றில் அங்கத்துவம், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களுக்காகத் துன்புறுத்தப்படுபவரையே அவ்வுடன்படிக்கை அகதி என்கிறது. வெள்ளமும் வரட்சியும் யாரையும் 'துன்புறுத்துவதில்லை' என்பது சட்டத்தின் வாதம். இயற்கைக்கு அரசியல் கருத்து இல்லையல்லவா!

இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறு எமக்கு ஒரு வருடத்தைத் தந்துள்ளது. உலகம் முழுவதையும் ஒரே இயற்கைப் பேரழிவு தாக்கிய வருடம் அது. குற்றவாளி ஒரு மலை. தேதியும் இடமும் தெரியும். அம்மலையால் வீடிழந்து வெளிக்கிட்ட குடும்பங்கள் எதற்காக வெளிக்கிட்டன என்பதற்குச் சாட்சியங்கள் உண்டு. அவற்றில் மூன்றை இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஒரு குடும்பத்தில் 13 வயதுப் பெண்பிள்ளையொருத்தி இருந்தாள். கட்டுரையின் தலைப்பு அவளுக்குரியது.

2

இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவிலுள்ள தம்போரா எரிமலை 1815 ஏப்ரல் 5ஆம் திகதி வெடிக்கத் தொடங்கியது. உச்சம் 10ஆம் திகதி மாலை. ஏறத்தாழ 4,300 மீற்றர் உயரமிருந்த மலை, வெடித்து முடிந்தபோது 2,850 மீற்றராகக் குறைந்திருந்தது. உச்சியில் 6 கிலோமீற்றர் அகலத்தில் ஒரு பள்ளம் மிஞ்சியது. எழுத்தில் பதிவான வரலாற்றுக் காலத்தில் இதைவிடப் பெரிய வெடிப்பு கிடையாது.

அப்போது ஜாவா பிரித்தானியரின் கையில் இருந்தது. ஸ்டாம்போர்ட் ரஃபிள்ஸ் துணை ஆளுநர். வெடிப்போசை 2,000 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சுமாத்திரா வரை கேட்டது. ஜாவாவில் அதைப் பீரங்கிச் சத்தம் என்றே நினைத்தார்கள். அயலிலுள்ள காவலரண் தாக்கப்படுகிறது என்று யோக்யகர்த்தாவிலிருந்து படையொன்று புறப்பட்டது. ஆபத்திலிருக்கும் கப்பலொன்றைத் தேடிப் படகுகள் அனுப்பப்பட்டன. தூரத்து அதிர்வைச் செவிமடுத்து அது ஷெல்லா இடியா என்று வகைபிரித்துப் பழகிய எமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

மலையடிவாரத்தில் தம்போரா, பெக்காட் என்ற இரு சிற்றரசுகள் இருந்தன. இரண்டும் மக்களோடு அழிந்தன. தம்போரா மக்களின் மொழியும் அவர்களுடன் போயிற்று. 1817இல் ரஃபிள்ஸ் வெளியிட்ட ஜாவாவின் வரலாறு என்ற நூலில், வெடிப்புக்கு முன் யாரோ சேகரித்த ஒரு சிறு சொற்பட்டியல் அச்சாகியுள்ளது. ஐம்பது சொற்கள் அளவில் தேறும். அம்மொழி சுற்றியிருந்த தீவுகளின் மொழிகளோடு உறவில்லாத வேறொரு மொழி என்பதை அந்தச் சொற்களைக் கொண்டுதான் மொழியியலாளர் 2007இல் வாதிட முடிந்தது. ஒரு மக்கள் கூட்டத்திடமிருந்து எஞ்சியது அவ்வளவே.

நான் எடுத்துக்கொள்ளும் முதற் குடும்பம் அயல் அரசான சங்கரின் ராஜாவினுடையது. ஜாவாவிலிருந்து அரிசியுடன் அனுப்பப்பட்ட ஓவன் பிலிப்ஸ் என்ற அதிகாரி அவரைச் சந்தித்தார். வெடிப்பைக் கண்ணால் கண்டு பிழைத்தவரின் சாட்சியமாக விஞ்ஞானிகள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது, மலையுச்சியில் மூன்று தீத்தூண்கள் எழுந்து ஒன்றாகியது பற்றி இந்த ராஜா பிலிப்ஸிடம் கூறிய விபரத்தைத்தான். விஞ்ஞானிகள் அதிகம் குறிப்பிடாத இன்னொரு வரியும் பிலிப்ஸின் அறிக்கையில் இருக்கிறது. ராஜாவின் மகள்களில் ஒருத்தி பட்டினியால் இறந்துபோனாள். பிலிப்ஸ் அவருக்கு மூன்று கொயாங், அதாவது சில தொன் அரிசி கொடுத்தார். மகளின் பெயரும் வயதும் அறிக்கையில் இல்லை.

அவள் தீயில் இறக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வெடிப்பில் நேரடியாக இறந்தோர் பத்தாயிரம் அளவில் என்றும், அதைத் தொடர்ந்த பட்டினியாலும் நோயாலும் சும்பாவாவிலும் அயலிலுள்ள லொம்பொக்கிலும் இறந்தோர் அதைப்போலப் பன்மடங்கு என்றும் ஆய்வாளர் கணிக்கின்றனர். சாம்பல் வயலை மூடியது, குடிநீர் கெட்டது. தப்பியோர் அயல் தீவுகளுக்கு ஓடினர். நெல்லுக்காகத் தம்மையே அடிமைகளாக விற்றவர்களும் உண்டு. அரசனின் மகளே பட்டினியால் இறந்த ஊரில் மற்றப் பிள்ளைகளின் கதி என்னவாயிருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

3

தம்போரா வானத்துக்கு அனுப்பிய கந்தகவாயு ஏறத்தாழ 6 கோடித் தொன். அது உயர்வளிமண்டலத்தில் நுண்துளிகளாகி உலகைச் சுற்றிப் பரவி, சூரிய ஒளியில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பியது. பூமியின் சராசரி வெப்பநிலை அரைப் பாகை அளவில் குறைந்தது. அரைப் பாகை என்பது சொல்லும்போது சிறிதாகத் தெரியும். ஆனால் சராசரி என்பது எல்லா ஊர்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. மேற்கு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் 1816இன் கோடை வரவேயில்லை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் நெல் விளையவில்லை. இந்தியாவில் பருவமழை தவறியது. 1817இல் வங்காளத்தில் எழுந்து 1818-19இல் சென்னை மாகாணத்தையும் இலங்கையையும் அடைந்த கொலராவையும் இம்மழைக் குழப்பத்துடன் இணைத்து வாதிடுவோர் உள்ளனர். அது இன்னும் விவாதத்துக்குரிய விடயம்.

அக்காலத்தில் இவற்றை யாரும் மலையுடன் தொடர்புபடுத்தவில்லை. அத்தொடர்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அமெரிக்க இயற்பியலாளர் வில்லியம் ஹம்பிரிஸால் முன்வைக்கப்பட்டது. ஆக, 1816இல் வீட்டை விட்டு வெளிக்கிட்ட எவருக்கும் தாம் ஓர் எரிமலையின் அகதிகள் என்பது தெரியாது. 'ஏன் வெளிக்கிட்டாய்?' என்று கேட்டிருந்தால் உண்மையான முதற் காரணத்தை ஒருவராலும் சொல்லியிருக்க முடியாது.

அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் நோர்விச் என்ற ஊரில் குத்தகைக் காணியில் பயிர்செய்த ஸ்மித் குடும்பம் எனது இரண்டாவது உதாரணம். தாய் லூசி, தந்தை ஜோசப், எட்டுப் பிள்ளைகள். மூத்தவன் அல்வினுக்கு 18 வயது, ஹைரமுக்கு 16, மூன்றாவது பிள்ளையான சோபிரோனியாவுக்கு 13. கடைசிப் பிள்ளை 1816 மார்ச்சில் பிறந்தது. அந்த ஜூனில் நியூ இங்கிலாந்தில் பனி கொட்டியது. ஜூலையிலும் ஓகஸ்டிலும் உறைபனி விழுந்து சோளம் கருகியது. அதற்கு முந்திய இரு வருடங்களும் அவர்களுக்கு விளைச்சல் சரியில்லை. மூன்றாவது வருடமும் போனபின் தந்தை, கோதுமை நன்றாக விளைகிறது என்று கேள்விப்பட்ட நியூயோர்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குப் போவதென முடிவெடுத்தார்.

இதுவரை சொன்னால் இது சுத்தமான 'காலநிலை அகதி'யின் கதை. ஆனால் கதை 1816இல் தொடங்கவில்லை.

அக்குடும்பத்துக்கு ஒருகாலம் சொந்தக் காணி இருந்தது. தந்தை, சீனாவில் நல்ல விலைபோகும் ஜின்செங் வேரை வாங்கிப் பதப்படுத்திக் கப்பலில் அனுப்பினார். இடையில் நின்றவன் ஏமாற்றினான். கடனை அடைக்கக் காணி 800 டொலருக்குப் போனது. லூசிக்குத் திருமணத்தின்போது கிடைத்த 1,000 டொலரும் போனது. சீதனக் காசு என்று எமது மொழியில் சொல்லலாம். அதன்பின் அவர்கள் குத்தகைக்காரர். 1812-13இல் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது பிள்ளைகள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தனர். சோபிரோனியா பிழைக்கமாட்டாள் என்று கைவிடப்பட்டுப் பிழைத்தவள். அவளுடைய தம்பிக்குக் கால் எலும்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அவன் பல காலம் ஊன்றுகோலுடன் நடந்தான். வைத்தியச் செலவு மிச்சமிருந்ததையும் விழுங்கியது.

இன்னொரு விடயம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நியூ இங்கிலாந்து ஊர்களில் 'எச்சரித்து வெளியேற்றல்' என்றொரு சட்டமுறை இருந்தது. ஊருக்குப் புதிதாக வந்த ஏழைக் குடும்பத்துக்கு, ஊரை விட்டுப் போகும்படி ஊராட்சி எழுத்தில் அறிவிக்கும். பெரும்பாலும் பலவந்தமாக வெளியேற்றமாட்டார்கள். அக்குடும்பம் இருக்கலாம், வேலை செய்யலாம், வரியும் கட்டலாம். ஆனால் பிற்காலத்தில் பட்டினி கிடந்தால் ஊர்ப் பொதுநிதியிலிருந்து உதவி கேட்க உரிமையில்லை. ஜேர்மனியில் வாழும் எம்மவர் 'டுல்டுங்' கடதாசி என்று சொல்லுவதை அறிந்தவர்களுக்கு இது விளங்கும்: உன்னை அனுப்பவில்லை, ஆனால் நீ இங்கு இல்லை. ஸ்மித் குடும்பத்துக்கு இந்த அறிவித்தல் 1816 மார்ச்சில் கொடுக்கப்பட்டது. அதாவது பனி விழுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர்!

இப்போது கேட்போம். இக்குடும்பம் எதனால் வெளிக்கிட்டது? எரிமலையாலா? வியாபார மோசடியாலா? நோயாலா? கடனாலா? அல்லது, 'உனக்குக் கஷ்டம் வந்தால் நாங்கள் பொறுப்பில்லை' என்று எழுதிக் கொடுத்த ஊராட்சியாலா? பனி எல்லோர் வயலிலும் விழுந்தது. களஞ்சியமும் சொந்தக் காணியும் உள்ளவர்கள் பலர் வெர்மொன்டிலேயே இருந்தனர்.

தந்தை முன்னே போனார். தாயும் பிள்ளைகளும் பனிக்காலத்தில் பின்தொடர்ந்தனர். வெளிக்கிடும் நேரத்தில், தீர்ந்துவிட்டதாக நினைத்திருந்த கடன்களைக் கேட்டுப் பழைய கடன்காரர் வந்து நின்றனர். வழக்காடிக் கொண்டிருக்க நேரமில்லாததால் லூசி 150 டொலர் அளவில் கொடுத்துத் தீர்த்தாள். வண்டியோட்டிக்கொண்டு வர அமர்த்தப்பட்டவன் பெயர் கேலப் ஹவார்ட். பயணச் செலவுக்குக் கொடுத்த காசை அவன் குடியிலும் சூதிலும் விட்டான். கால் சுகமில்லாத பையனை வண்டியிலிருந்து இறக்கிப் பனியில் நடக்கவிட்டான். கடைசியில் யூட்டிக்கா நகருக்கு அப்பால் ஓரிடத்தில் சாமான்களைத் தெருவில் வீசிவிட்டு வண்டியையும் குதிரைகளையும் கொண்டுபோக முயன்றான். லூசி விடுதிக்குள் போய்ப் பயணிகள் எல்லோருக்கும் முன்னால் அவனை நிறுத்தி, எட்டுப் பிள்ளைகளோடு தன்னை நடுவழியில் விட்டுப்போகப் பார்க்கிறான் என்று சொல்லி, வண்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். ஏஜென்சிக்காரனால் மொஸ்கோவிலோ பாங்கொக்கிலோ கைவிடப்பட்ட எத்தனை தாய்மார் எம்மிடையே இருக்கிறார்கள்! அவர்களில் யாருக்கும் லூசியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மிச்சத் தூரத்துக்குக் காசில்லை. வழியிலிருந்த விடுதிக்காரருக்குத் துணியும் உடுப்பும் கொடுத்துக் கணக்குத் தீர்த்தார்கள். கடைசி விடுதிக்குக் கொடுக்க ஒன்றுமே இருக்கவில்லை. சோபிரோனியாவின் காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். பல்மைரா என்ற ஊருக்கு வந்து சேர்ந்தபோது தாயின் கையில் இருந்தது இரண்டு சதம்.

பிறகு என்ன நடந்தது? தாய் மேசைவிரிப்புத் துணிகளுக்கு வர்ணம் தீட்டி விற்றாள். குடும்பம் இஞ்சிப் பலகாரமும் பானமும் விற்றது. அல்வினும் ஹைரமும் கூலிக்குப் போனார்கள். மூத்த பையன்களின் கூலியில் 100 ஏக்கர் காட்டுக்காணியொன்றைத் தவணைக்கு எடுத்து வெட்டித் திருத்தினார்கள். 1823இல் அல்வின் இறந்தான். 1825இல் தவணை கட்ட முடியாமல் காணியின் உரித்துக் கைமாறி, திரும்பவும் குத்தகைக்காரரானார்கள். ஒரு குடும்பம் பேரழிவிலிருந்து 'தப்பியது' என்று ஒற்றைச் சொல்லில் எழுதிவிட்டுப் போகும்போது இந்தப் பத்து வருடங்களும் எங்கே போகின்றன?

4

மூன்றாவது உதாரணம் நான் வாழும் பிரதேசத்தைச் சேர்ந்தது. நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஊரில் வரலாறு படிப்பித்தவன். இங்கு இரும்புத் துண்டுகளை இயந்திரத்தில் வைத்து எடுப்பவன். இரவுமுறை வாரங்களில் பகல் நித்திரை பிடிக்காதபோது நகர நூலகத்தில் போய் இருப்பேன். 1979இல் ஜேர்மனிய வரலாற்றாளர் குன்டர் மோல்ட்மன் வெளியிட்ட ஆவணத் தொகுப்பொன்றை அங்குதான் வாசித்தேன். 1816-17இல் இப்பிரதேசத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் பற்றியது அது.

அந்நாளில் இது வூர்ட்டம்பேர்க் என்ற இராச்சியம். 1816இல் மழை ஓயவில்லை, திராட்சை பழுக்கவில்லை, தானியம் வயலிலேயே அழுகியது. 1817 வசந்தத்தில் மக்கள் பாணில் மரத்தூளையும் வைக்கோலையும் கலந்து தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் வெளிக்கிட்டனர். ஒரு பகுதியினர் ஊல்ம் நகரிலிருந்து டன்யூப் வழியாகப் படகில் ரஷ்யா நோக்கிப் போயினர். அவர்களில் பலர் இஸ்மாயில் நகரின் நோய்த்தடுப்பு முகாமில் இறந்தனர். மற்றவர்கள் நெக்காரிலும் ரைனிலும் இறங்கி அம்ஸ்ரடாமுக்குப் போயினர். கப்பற் கட்டணம் இல்லாதவர்கள், போய்ச் சேர்ந்தபின் சில வருட உழைப்பை விற்றுக் கட்டணத்தை அடைப்பதாகக் கையொப்பமிட்டார்கள். ஏறமுடியாதவர்கள் துறைமுகத்தில் பிச்சையெடுத்தார்கள். ஒல்லாந்து, கையில் வசதி இல்லாதவர்களுக்கு எல்லையை மூடியது. திரும்பி வந்தவர்களுக்கு ஊரில் வீடும் இல்லை, குடியுரிமையும் இல்லை. போகும்போது அதைக் கைவிட்டுக் கையொப்பமிட்டிருந்தார்கள்.

1817 ஏப்ரல் இறுதியில், ஹைல்புறோன் நகரில் படகுக்குக் காத்திருந்த சில நூறு பேரை விசாரிக்க அரசு ஓர் இளம் அதிகாரியை அனுப்பியது. அவருக்கு வயது 27. பெயர் பிரீட்ரிஷ் லிஸ்ட். ஏன் போகிறார்கள் என்று கேட்டு எழுதுவதும், முடிந்தால் போகவிடாமல் மனதை மாற்றுவதும் அவருக்கு இடப்பட்ட பணி. குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டு, பெயர், ஊர், தொழில் கேட்டு, 'ஏன் வெளிக்கிட்டாய்?' என்று கேட்டு எழுதினார். அகதி நேர்முக விசாரணையின் படிவத்தை அறிந்த எவரும் அந்த ஆவணத்தைத் திறந்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. லிஸ்ட் ஒரு காரணத்தோடு நிறுத்தும்படி யாரையும் கேட்கவில்லை. பசி, விலையுயர்வு என்று சொன்னவர்கள் அத்துடன் நிற்கவில்லை. வரிச்சுமை, கிராம எழுத்தர்கள் ஒவ்வொரு கடதாசிக்கும் அறவிட்ட கட்டணம், அதிகாரிகளின் கெடுபிடி, பிரபுக்களின் வேட்டைக்காக வளர்க்கப்பட்ட மான்களும் பன்றிகளும் பயிரை அழித்தும் கைவைக்க முடியாமை, யுத்தகாலத்தில் படைகளுக்குக் கொடுத்த தீனி, முறையிட்டால் கேட்க ஆளில்லாமை என்று அடுக்கினார்கள். சுருங்கச் சொன்னால், மழை அவர்களுக்குக் கடைசி வருடம்தான். மற்றது எல்லாம் இருபது வருடம். மனம் மாறித் திரும்பியோர் மிகச் சிலர்.

பசியால் போகிறார்கள் என்று நினைத்து அனுப்பப்பட்ட அதிகாரி, ஆட்சிமுறையால் போகிறார்கள் என்ற முடிவுடன் திரும்பினார். அது அவரது வாழ்க்கையையும் மாற்றியது. அதே வருடம் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1819இல் பதவி போயிற்று. பின்னர் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகி, அதிகாரிகளின் ஆட்சியைக் கண்டித்து 1821இல் ஒரு விண்ணப்பம் எழுதினார். சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார், 1822இல் பத்து மாதக் கோட்டைச் சிறை விதிக்கப்பட்டது. ஸ்ட்ராஸ்பூர்க்குக்கும் சுவிசுக்கும் தப்பியோடி, திரும்பி வந்து 1824இல் ஹோஹனஸ்பேர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். நாட்டை விட்டுப் போவதாக ஒப்புக்கொண்டபின் 1825இல் விடுவிக்கப்பட்டு, மனைவி பிள்ளைகளுடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். எட்டு வருடங்களுக்கு முன் யாரைப் போகாதே என்றாரோ அவர்கள் போன வழியே அவரும் போனார்! பென்சில்வேனியாவில் ஒரு ஜேர்மன் பத்திரிகையை நடத்தினார். பொருளியலாளர் என்று உலகம் அவரை அறிந்தது பின்னர். 1846இல் தற்கொலை செய்துகொண்டார்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து வடக்கே போகும் புகையிரதத்தில் அந்தக் கோட்டைக் குன்று தெரியும். இப்போது கைதிகளுக்கான வைத்தியசாலை அதற்குள் இயங்குகிறது. வேலைக்குப் போகும்போது அதைப் பார்க்கிறேன். லிஸ்ட் 'அரசியல் அகதி'. அவர் விசாரித்த விவசாயி 'பொருளாதார அகதி'. இருவரையும் துரத்தியது ஒரே எழுத்தர் ஆட்சி. ஒருவருக்கு அதைக் கட்டுரையாக எழுதத் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதானா என்பது படித்தவர்களாகிய நாம் யோசிக்க வேண்டிய விடயம்.

5

இயற்கைப் பேரழிவில் யார் பிழைக்கிறார் என்பதை இயற்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட தனது நூலில், பஞ்சம் என்பது உணவு இல்லாமையைவிட, இருக்கும் உணவைப் பெறும் உரித்து சிலருக்கு இல்லாமற் போவதே என்று நிறுவினார். 1816-17 அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வூர்ட்டம்பேர்க்கில் புதிய மன்னர் வில்ஹெல்மும் ராணி கத்தரினாவும் 1817இன் தொடக்கத்திலேயே நிவாரண அமைப்பொன்றை உருவாக்கினர். 1818இல் ஹோஹன்ஹைமில் விவசாயக் கல்வி நிறுவனம் தொடங்கியது; அதுவே இன்றைய பல்கலைக்கழகம். அதே வருடம் கான்ஸ்ராட்டில் விவசாய விழா தொடங்கியது. இன்று எமது பிள்ளைகள் ராட்டினம் ஏறப் போகும் அந்த விழாவின் நடுவில் தானியமும் பழங்களும் சுற்றிய தூண் ஒன்று நிற்கிறது. அது பஞ்சத்தின் ஞாபகம் என்பது அங்கு பியர் குடிப்போரில் எத்தனை பேருக்குத் தெரியுமோ! ஓர் அரசு மனம் வைத்தால் செய்யக்கூடியது இருந்தது, செய்தது. ஆனால் அது ஹைல்புறோனில் படகேறியவர்களுக்குப் பிந்திப்போயிற்று.

எமது சொந்த அனுபவமும் இதுவே. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் இனம் பார்க்கவில்லை; அம்பாறையிலும் முல்லைத்தீவிலும் காலியிலும் ஒரேமாதிரி அடித்தது. அதன்பின் நிவாரணத்தை யார் பங்கிடுவது என்ற கேள்வி வந்தவுடன் இனம் வந்துவிட்டது. 2005 ஜூனில் கையொப்பமான நிவாரணப் பொதுக்கட்டமைப்பை அடுத்த மாதமே உயர்நீதிமன்றம் இடைநிறுத்தியது. அதன்பின் முல்லைத்தீவிலிருந்து வெளிக்கிட்டு ஐரோப்பா வந்த ஒரு மீனவக் குடும்பத்தை எந்தப் பெட்டிக்குள் போடுவது? கடல் வீட்டை எடுத்தது. யுத்தம் கடலை எடுத்தது. படிவத்தில் ஒரு பெட்டிக்குத்தான் புள்ளடி போடலாம்.

சட்டமும் மெல்ல அசைகிறது. கிரிபாட்டி தீவைச் சேர்ந்த ஒருவர், கடல்மட்டம் உயர்வதால் தன்னைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று நியூசிலாந்துக்கு எதிராக முறையிட்டார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2020 ஜனவரியில் வெளியிட்ட முடிவில் அவரது முறையீடு ஏற்கப்படவில்லை. எனினும், காலநிலை மாற்றத்தின் விளைவுகள் வாழும் உரிமையையே மீறுமளவுக்குப் போனால், அத்தகைய இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது தடையாகலாம் என்பதை அக்குழு ஏற்றது. நாளை இக்கதவு திறந்தால் அதன்வழி வருபவர்களை, 'இவங்கள் யுத்தத்தால வந்தவங்கள் இல்லை' என்று சொல்லும் முதற்குரல் எமதாக இருக்கக்கூடாது.

6

இறுதியாக ஆவணங்கள் பற்றி.

சோபிரோனியாவின் தோடு எமக்கு ஏன் தெரியவந்தது? அவளுடைய ஊன்றுகோல் தம்பி ஜோசப், 1830இல் மோர்மன் திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் ஆனான். 1844 ஜூனில் அவனையும் அண்ணன் ஹைரமையும் ஒரே நாளில் ஒரு கும்பல் கொன்றது. இரு பிள்ளைகளையும் புதைத்த தாய், அதன்பின் குடும்பக் கதையைச் சொல்லி எழுதுவித்தாள். அவர்களது மதத்தில் எமக்கு அக்கறை இருக்கவேண்டியதில்லை. மகன் பிரபலமானதால் தாயின் பேச்சு அச்சேறியது. அதில் மகளின் தோடும் ஏறியது. சோபிரோனியா 73 வயது வரை இலினோயில் வாழ்ந்து 1876இல் இறந்தாள். தன் கதையை அவள் எழுதி வைக்கவில்லை. அதே பனிக்காலத்தில் அதே வழியால் போன மற்றக் குடும்பங்களின் தோடுகள் பற்றி எதுவும் இல்லை. சங்கர் ராஜாவின் மகளுக்குப் பெயரே இல்லை.

எமது நிலை என்ன? எம்மில் ஒவ்வொருவருக்கும் ஏதோவோர் அலுவலகத்தின் கோப்பில் ஒரு கதை இருக்கிறது. நான் 2007இல் இங்கு வந்தபோது என்னை விசாரித்த அதிகாரி நாலு மணித்தியாலம் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் ஐந்து வசனத்தை ஒன்றாக்கினார். திருப்பி வாசித்தபோது அதில் பொய் இல்லை. ஆனால் நானும் இல்லை. காரணத்துக்குத் தேவையானது மட்டும் இருந்தது. தகப்பனின் மருந்துச் செலவு, மூடிய பாதை, வங்கியில் மீட்கப்படாத தாலிக்கொடி, மாணவர்கள் இல்லாமற்போன வகுப்பறை, இவை ஒன்றும் 'வழக்குக்கு' உதவாதவை. இருநூறு வருடம் கழித்து ஒரு வரலாற்று மாணவர் எம்மைத் தேடினால் அவர் கையில் கிடைக்கப்போவது இந்தக் கோப்புகள்தான். ஒவ்வொரு குடும்பமும் ஒரேயொரு காரணத்தால் வெளிக்கிட்டதாக அவை சொல்லும். லிஸ்ட் எழுதியதைப்போலப் பல காரணங்களையும் எழுத இடம்விட்ட படிவங்கள் அங்கு இராது.

ஆகவே ஒரு சிறு வேலையை முன்மொழிகிறேன். இதற்கு நிதியும் நிறுவனமும் தேவையில்லை. வீட்டிலிருக்கும் தாய்மாரிடமும், வரும்போது பதின்மூன்று பதினாலு வயதாயிருந்து இப்போது முப்பது நாற்பதைத் தாண்டியவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். தத்துவம் வேண்டாம். வழியில் என்ன விற்கப்பட்டது, யாருக்கு, எவ்வளவுக்கு? எங்கே காத்திருந்தீர்கள், எத்தனை நாள்? யார் ஏமாற்றினார், யார் சாப்பாடு தந்தார்? வந்து சேர்ந்தபோது கையில் எவ்வளவு இருந்தது? முதல் வேலை என்ன, கூலி எவ்வளவு? விண்ணப்பத்தில் எழுதாமல் விட்ட காரணங்கள் எவை? இயக்கங்களின் வரலாற்றை எழுதப் பலர் இருக்கிறார்கள். தோடுகளின் வரலாற்றை எழுதத் தாய்மாரைத் தவிர ஆளில்லை. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அரசியல் காரணங்களைப் பொருளாதாரக் காரணங்களுக்குள் கரைத்துவிட்டால் எமது தஞ்சக் கோரிக்கையின் அடித்தளமே ஆட்டம் காணும் என்று இதற்கு எதிராகச் சிலர் வாதிடுவர். அந்த அச்சம் நியாயமானது. நீதிமன்றத்தில் நிற்பவர் சட்டத்தின் மொழியில்தான் பேசவேண்டும். ஆனால் நீதிமன்றத்தின் மொழியிலேயே எமது வரலாற்றையும் எழுதவேண்டுமா என்பதே எனது கேள்வி. மாற்றுக் கருத்துள்ளவர்கள் அடுத்த இதழில் எழுதட்டும்.